முந்திரி எண்ணெய் குடித்த கார்

எங்கள் அண்ணன் எனக்கு ஒரு பித்தளை அண்டா தருவதாகச் சொன்னார்.

அப்பாவுக்குத் தலைத்திவசம் கொடுத்த அன்று சாயங்காலம் நடந்த பேச்சு அது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பிறந்த வீடு. சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான், என் வீட்டுக்காரர், நாலு பேர்தான் கூடத்தில். வீட்டையும் முந்திரிக்காட்டையும் அண்ணன் பேருக்கு மாற்ற வேண்டும். அதற்கு நான், எனக்கு எதிலும் பாத்தியதை வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பொண்ணுங்க எல்லோரும் போடுவதுதான். போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஒரு புடவையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

"வெறுங்கையா அனுப்புனேன்னு பேரு வேணாம் பாப்பா. அந்தப் பெரிய அண்டாவ எடுத்துக்க," என்றார் அண்ணன்.

எனக்கு ஐம்பது வயது. அவருக்கு இன்னும் நான் பாப்பாதான். அரியலூரில் எங்கள் பிழைப்பே சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவது. கடைக்குள் அண்டாவுக்கு மேல் அண்டா அடுக்கிக் கூரையைத் தொடுகிறது. அங்கே போய் இன்னொரு அண்டாவா?

"அண்டா வேணாம்ணே. எனக்குக் காரு வேணும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கார் என்றால் அப்பாவின் வெள்ளை அம்பாசிடர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரோ ஓட்டிப் போட்டதை வாங்கி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விட்டார். கண் சரியாகத் தெரியாமல் போனதும் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியவர்தான். அது நின்றபோது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளுடைய பிள்ளை போகிறது.

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காரா? அதுல கோழி அடை காத்துக்கிட்டு இருக்கு நாத்தனா. அத எழுப்பிவுட்டுட்டு நீ உக்காரப் போறியா?"

"தள்ளிக்கிட்டா போவ பாப்பா?" என்றார் அண்ணன்.

"ஓட்டிக்கிட்டுப் போவேன்."

அதையும் நான்தான் சொன்னேன். அண்ணனிடமிருந்து பெரிய மனசு பண்ணுகிற மாதிரி ஒரு தலையாட்டல். "சரி. ஆவணியில பூமி பூஜை போட்டுக் கொட்டாயை இடிக்கப் போறேன், புது வூடு அங்கதான் வருது. அதுக்குள்ள அது தானா உறுமிக்கிட்டு வாசலத் தாண்டுச்சுன்னா உனக்கு. இல்லன்னா காயலான் கடைக்காரன் வந்து அறுத்து எடுத்துக்கிட்டுப் போவான். எது எப்படியோ, அன்னிக்குச் சாயந்தரம் பத்திர ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டுடணும்."

சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். நான் எதற்கும் சொல்கிற பதில் அதுதான். கடையில் யாராவது வந்து பந்தல் வேண்டும் என்று கேட்டால்கூட முதலில் அதைத்தான் சொல்வேன். காத்தடிச்சா? மழை வந்தா? கம்பு சாஞ்சா?

என்னைப் பற்றி ஒளிக்க ஒன்றும் இல்லை, நான் பயந்து பயந்து வாழ்கிறவள். கேஸை மூடிவிட்டுப் படுத்தால் திரும்ப எழுந்துபோய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, பார்த்தது நிஜந்தானா என்று மறுபடி போவேன். வண்டியை எடுக்கும்முன் அடியில் பூனை படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் எடுத்ததில்லை. ஏழாவது பரீட்சைக்குப் போகிற வழியில், படித்ததெல்லாம் மறந்துபோனால் என்ன பண்ணுவது என்று நினைத்துப் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அது முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம். ஒரு கை கூடுச்சு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். என் படிப்பு முடிந்தது அப்படித்தான்.

ஆனால் வண்டி ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் பந்தக்கால் மேலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து உட்கார்ந்தபோது, கடைக்கென்று இருந்த லோடு வண்டியை ஓட்ட ஆள் இல்லை. கற்றுக்கொண்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருகிறேன். பயந்துகொண்டேதான் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன், அதுதான் கணக்கு.

கார் ஏன் கேட்டேன் என்று அன்று ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார். கல்யாணத்தன்று என்னை அந்தக் காரில்தான் ஏற்றி அனுப்பினார்கள். பின்சீட்டில் நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள். ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. புதுப்பொண்ணு வாயைத் திறக்கக் கூடாது. வாசலில் எல்லோரும் அழுதார்கள். அண்ணனும் அழுதார். அழுதாரே ஒழிய, ஓரமாக உட்காருகிறாயா என்று அவரும் கேட்கவில்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்கள் கடைக்கு வேலை குறைவு. அரியலூர் மெக்கானிக்குகளுக்கு லாரியைப் பார்க்கவே நேரம் போதவில்லை. பழைய பெட்ரோல் வண்டி என்றதும் போனை வைத்துவிடுவார்கள். கடைசியில் பெரம்பலூரில் ஒரு பாய் கிடைத்தார். அம்பாசிடர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "எந்த ஊருக்கா? இப்பவே வரவா?" என்றார். மறுநாள் காலையில் ஒரு பழைய மொபெட்டில், ஸ்பானர் பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். என் வயசுதான் இருக்கும். வாய் ஓயாது.

கோழியைக் கிளப்பிவிட்டு பானெட்டைத் திறந்தார். எலி உள்ளே வைக்கோலும் பாலித்தீனும் சேர்த்து மெத்தை போட்டிருந்தது. பாய் முன்பக்கத்து ஓட்டையில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகினார். அந்தக் காலத்து வண்டி, கையாலும் சுற்றிக் கிளப்பலாம். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். மலையை அழுத்துகிற மாதிரி இருந்தது.

பிளக்குகளைக் கழற்றினார். ஒவ்வொன்றும் கறுப்பாக, பாகு பிடித்த மாதிரி வந்தது. விரலை விட்டுத் துழாவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுதுக்கா. துரு ஏறி பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. என்ஜினை இறக்கித் திருச்சிக்குக் கொண்டுபோயி லேத்துல கடையணும். தீவாளி ஆயிடும்."

அண்ணன் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பி, "ஏ, அந்த அண்டாவப் புளி போட்டு வெளக்கி வையி," என்று அண்ணியிடம் சொன்னார். எனக்குக் கேட்கிற மாதிரி.

திரும்பி வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். ஏன் கேட்டோம், ஏன் வாயைக் கொடுத்தோம் என்று. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் பாயிடமிருந்து போன். குரல் சூடாக இருந்தது. "ஏங்க்கா, உங்க அத்தா அந்த வண்டியில ஆசிட்டா ஊத்தி வச்சாரு? கைவிரலு பூராக் கொப்புளம். தோலு வெந்துபோச்சு. காலையில தொழுகைக்குக் கையக் கழுவ முடியல, என் சம்சாரம் சோறு ஊட்டுது, வீட்டுல எல்லாம் சிரிக்குது."

நான் வீட்டோடு ஒட்டின எங்கள் கடை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாய், விரலு ஓரமெல்லாம் கறுத்துருக்கா? கழுவுனாலும் போகலையா?"

"ஆமா."

"தேங்காண்ணெய் தடவுங்க பாய். தண்ணி படாம வைங்க. அது துரு இல்ல. முந்திரி எண்ண!"

எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் அந்தக் கொப்புளம் தெரியும். முந்திரிக்கொட்டையின் மேல் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோலை எரித்துவிடும். கொட்டை உடைக்கிற காலத்தில் எங்கள் விரல் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணெயை நாங்கள் வீணாக்க மாட்டோம். நிலைப்படிக்குக் கீழே, வேலிக்கால் அடியில், ஏர்க்கலப்பையில், பூசாத இடம் கிடையாது. பூசினால் கரையான் அரிக்காது, எத்தனை மழைக்கும் மரம் நிற்கும். அப்பா காரை நிறுத்தும்போது, இதுவும் அரித்துப்போகக் கூடாது என்று, பிளக் ஓட்டை வழியாக அதை ஊற்றி வைத்திருக்கிறார். வேலிக்காலுக்குச் செய்கிற வைத்தியத்தை என்ஜினுக்குச் செய்துவிட்டார். வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்தப் புத்தி வராது. அந்த எண்ணெய் காயக் காயப் பிசினாகி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பாய் திரும்ப வந்தார், கையில் துணி சுற்றிக்கொண்டு. பிளக்கில் ஒட்டியிருந்த கசடைக் குச்சியில் எடுத்துக் கொளுத்திக் காட்டினேன். முந்திரிக்கொட்டை சுடுகிற நெடி மூக்கில் ஏறியது. பாய், நான், வீட்டுக்காரர், மூன்று பேரும் இருமினோம்.

"அப்ப உள்ள துருவே இருக்காதுக்கா," என்றார் பாய், இருமலுக்கு நடுவே. "இந்த எண்ண ஏறுன இரும்புல துரு எப்படி ஏறும்? உங்க அத்தா வண்டியக் கொன்னாரா காப்பாத்துனாரான்னே தெரியலையே."

"கரைக்க முடியுமா?"

"தின்னர் ஊத்தலாம். மண்ணெண்ண ஊத்தலாம். ஆனா இது கல்லு மாதிரி கெடக்கு. சூடு வேணும். என்ஜினைக் கழட்டாம எப்படிச் சூடு பண்றது? அடியில நெருப்பா போட முடியும்?"

நெருப்பு என்ற வார்த்தைக்கே நான் ஒரு அடி பின்னால் போனேன். ஆனால் அடிப்பிடித்த அண்டாவை நாங்கள் எப்படிக் கழுவுகிறோம்? சுரண்டினால் போகாது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் தானே விட்டுவிடும். வெந்நீர் போடுவதற்கு என்னிடம் இல்லாத அடுப்பா, இல்லாத அண்டாவா?

ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் பிஸ்டன் இருக்கிற இரும்பைச் சுற்றித்தானே ஓடுகிறது, அதில் வெந்நீரை விட்டால் என்ன என்று கேட்டேன். பாய் தாடியைத் தடவினார். "விடலாம். ஆனா சில்லுன்னு இருக்குற இரும்புல கொதிக்கிற தண்ணிய ஊத்துனா பிளாக் வெடிச்சுடும். அப்பறம் காயலான் கடைதான்."

வெடிக்கும் என்று அவர் சொன்ன பிறகு நான் அவசரப்படுவேனா? முதல் நாள் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில்தான் தண்ணீர் விட்டேன். கையை விட்டுப் பார்த்து, மறுபடி பார்த்து, அப்புறம் கொஞ்சம் சூடு கூட்டி. கேஸ் அடுப்பைக் கொட்டகைக்கு வெகுதூரம் தள்ளித் தெருவோரமாக வைத்தேன். தின்னர் டப்பா இருக்கிற பக்கம் அடுப்பு வரக் கூடாது, அடுப்பு இருக்கிற பக்கம் தின்னர் வரக் கூடாது. நடுவில் மணல் வாளிகள், நனைத்த சாக்கு. இடுப்பு சரியில்லாத வீட்டுக்காரரை ஒரு வாடகை நாற்காலியில் உட்காரவைத்து, பீடி குடிக்கிறவன் எவனும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"சமையலுக்கு ஆள் சொல்லியாச்சா? எத்தன பந்தி?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டார்கள். அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதிக்கிறது, வாளி வாளியாகக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றுகிறோம். "காருக்குப் புள்ளப் பொறந்திருக்கா, குளிப்பாட்டுறீங்க?" என்று ஒரு கிழவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மேலே தண்ணீர் விடுவது, கீழே திறந்து வடிப்பது, பிளக் ஓட்டையில் தின்னரும் மண்ணெண்ணெயும் ஊற்றுவது, ஹேண்டிலை அசைத்துப் பார்ப்பது. காலையில் கடையைத் திறந்துவிட்டு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போவேன், சாயங்காலம் திரும்புவேன். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் வந்துவிடும்.

நடுவில் ஒருநாள் நான் போய் இறங்கியபோது கொட்டகைக்குள் யாரோ காரின் மட்கார்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காயலான் கடைக்காரர். அண்ணன் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"தகடு நல்லாருக்குண்ணே," என்றார் அந்த ஆள்.

நான் நேராகப் போய், காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"இன்னும் ஆவணி பொறக்கலண்ணே."

"சும்மா பாக்கத்தான் வந்தாரு பாப்பா."

"பாத்துட்டாருல்ல. போகச் சொல்லுங்க."

அண்ணன் வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றார். அவரிடம் அந்தத் தொனியில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ஆள், "அக்கா அரியலூரா?" என்று என்னமோ கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். நான் உடனே உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பாதி புடவையில் கொட்டியது.

அன்றைக்கு மதியம் ஹேண்டில் அசைந்தது.

அசைந்தது என்றால் ஒரு முடி அளவு. பாய் நம்பவில்லை. "கை வழுக்குச்சுக்கா." நான் பிடித்துப் பார்த்தேன். வழுக்கல் இல்லை. அடிப்பிடித்த சோறு விடும்போது கரண்டியில் ஒரு இளக்கம் தெரியுமே, அது. இன்னும் ஒரு அண்டா வெந்நீர் ஊற்றினோம். பாயும் நானும் சேர்ந்து அழுத்தினோம். உள்ளே எங்கோ பிசுக் என்று ஒரு சத்தம், ஹேண்டில் கால் சுற்றுப் போயிற்று. பாய், "யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு முழுச் சுற்றும் சுற்றிவிட்டார்.

பிளக் ஓட்டைகளை மூடவில்லை என்பது இருவருக்கும் நினைவில் இல்லை. உள்ளே இருந்த கறுப்புப் பாகு பீய்ச்சி அடித்து, கொட்டகையைத் தாண்டிக் கொடியில் காய்ந்த அண்ணியின் புடவையில் போய் விழுந்தது. அந்தக் கறை சாகிறவரை போகாது என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஐயோ, எம் பொண்ணு எடுத்துக்குடுத்த பொடவடி!" என்று அவர் கத்தியது தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். "ஒரு காருன்னு கேட்டியேன்னு குடுத்தா, வூட்டையே நாசம் பண்றியா? இதுதான் உம்பங்குன்னு ஆயிடுச்சுல்ல, எடுத்துக்கிட்டு ஒழிஞ்சு போயேன்!"

புடவைக்கு நான் வருத்தப்பட்டேன். வேறு எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். ஆனால் பங்கு என்ற சொல் காதிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே பாய் கேட்டார், "ஏன்க்கா, தப்பா நெனைக்காதீங்க. காடு வீட்டுலயெல்லாம் உங்களுக்குப் பங்கு இல்லியா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணும் பாய்."

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இன்னும் இருக்குதுல்ல," என்றார், எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே. அவ்வளவுதான் சொன்னார். அடுத்து கார்பரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு மற்ற வேலைகள். வால்வு ஒட்டியிருந்ததைப் பிரித்தார். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். பெட்ரோல் டேங்க் உள்ளே துருவாகி இருந்ததால், ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலை ஊற்றி முன்சீட்டின் கீழே கட்டி வைத்து டியூப் கொடுத்தார். உள்ளேயா, பெட்ரோலா, ஆள் உட்காருகிற இடத்திலா என்று நான் போட்ட கூச்சலில் அதை எடுத்து டிக்கியில் வைத்துக் கட்டினார். பிரேக் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம், மெதுவாகத்தானே ஓட்டுவீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர் பிரேக்கைச் சரிபண்ணி முடிக்கிறவரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பேட்டரி எங்கள் லோடு வண்டியிலிருந்து கழற்றியது, அதன் பிறகு நாங்கள் பஸ்ஸில்தான் போய் வந்தோம்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. சுற்றும், இருமும், அடங்கும். பூமி பூஜைக்கு முதல் நாள் வரைக்கும் அதே இருமல்.

பூஜையன்று காலையில் போனபோது கொட்டகைக்கு முன்னால் கோலம் போட்டு, செங்கல்லில் மஞ்சள் தடவி, ஐயர் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் நிறையப் பேர். தெருமுனையில் பொக்லைன் நின்றது, அதன் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். காயலான் கடைக்காரரும் ஒரு ஓரமாக. அண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார்.

"பூஜை முடியுற வரைக்கும் டைம் பாப்பா. அப்பறம் பொக்லைன் உள்ள வந்துடும்."

கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பவும் போனேன். பிறகு காரடியில் குனிந்து பூனை இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்ரோல் டியூபைத் தொட்டுப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தக் காரில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. சாவியைத் திருப்பினேன். இருமல். மறுபடி. இருமல். பேட்டரி தேய்ந்துகொண்டே வந்தது. வந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். "தள்ளுறதுக்கு ஆளு வேணுமா நாத்தனா? நெறயப் பேரு வந்திருக்காங்க," என்று அண்ணி கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரும் தொட வேணாம்!" என்றேன். நான் கத்தியதில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

பாய் ஓடிவந்தார். "கடைசியா ஒருதரம் வெந்நி ஊத்துங்கக்கா. இரும்பு சில்லுன்னு இருக்கு, அதான் மிச்சப் பிசினு இழுக்குது."

பூஜைக்கு வந்தவர்களுக்குச் சமைக்க அண்ணனே வாடகைக்கு எடுத்திருந்தது எங்கள் அண்டாக்களைத்தான். அதில் ஒன்றில் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. என் அண்டா. வாளியில் மொண்டு, பச்சைத் தண்ணீரில் விளாவி, ரேடியேட்டரில் ஊற்றினேன். அடுத்த வாளியில் விளாவல் குறைவு. அதற்கடுத்ததில் விளாவவே இல்லை. "உலையக் காருக்கு ஊத்துறா பாருங்கடி!" என்று ஒரு அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினேன், வீட்டுக்காரரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பாய் ஹேண்டிலைப் பிடித்தார். ஒரு சுற்று. இன்னொன்று. மூன்றாவதில் கார் ஒருமுறை அதிர்ந்து, நின்று, தொண்டையைச் செருமி, பட்பட்டென்று வெடித்து, பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. என்ஜினுக்குள் மிச்சம் இருந்த முந்திரி எண்ணெய் எல்லாம் சூடேறிப் புகையாக சைலன்சர் வழியே வெளியே வந்தது. வெள்ளைப் புகை, கொட்டகையை நிரப்பி, கோலத்தை மறைத்து, ஐயரை மறைத்து, கூட்டத்துக்குள் புகுந்தது. முந்திரிப் புகை சும்மா விடாது, கண்ணைக் கரிக்கும். சொந்தபந்தம் மொத்தமும் முந்தானையிலும் துண்டிலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டது. அண்ணிக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. பொக்லைன் டிரைவர் டீயைப் போட்டுவிட்டு ஓடினார்.

கியர் போட்டு மெதுவாக எடுத்தேன். கார் என் காலுக்குக் கீழே நடுங்கியது, நானும் நடுங்கினேன், இரண்டு பேரும் சேர்ந்தே வாசலைத் தாண்டினோம்.

அண்ணன் புகைக்குள்ளிருந்து ஜன்னல் பக்கம் ஓடிவந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். எனக்குக் கல்யாணத்தன்று வாசலில் பார்த்த அதே முகம்.

"பாப்பா! சாயந்தரம் பத்திர ஆபீஸு! நேரா அங்க வந்துடு, மறந்துடாத!"

"நிறுத்துனா மறுபடி பத்திக்காதுண்ணே!" என்று கத்தினேன். அது பொய் இல்லை. வீட்டு வாசல் வருகிறவரை எங்கேயும் நிறுத்தாதே என்று பாய் சொல்லியிருந்தார்.

"அப்ப எப்ப வர்ற?"

"யோசிச்சுச் சொல்றேன்!"

எப்போதும் சொல்கிற பதில்தான். அன்றைக்கு அதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. அதை அண்ணனும் கவனித்தார், ஜன்னலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பாய் மொபெட்டில் முன்னால் போனார். வீட்டுக்காரர் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ரோட்டைப் பார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போலீஸ் பிடித்தால், டயர் வெடித்தால், கேன் கவிழ்ந்தால் என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து, ஒவ்வொன்றையும் தாண்டி ஓட்டினேன். சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் புகையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ரோட்டில் எனக்கு ஒரு லாரி வழிவிட்டது அன்றைக்குத்தான்.

அரியலூரில் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் என்ஜினை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. கேன் காலியாகித் தானாக நிற்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. காட்டில் எனக்குள்ள பங்கை நான் விடப்போவதில்லை என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதைச் சொல்லவும் சொல்லிவிட்டேன், போனில். அண்ணி என்னோடு பேசுவதில்லை. புடவை எடுத்து அனுப்பினேன், அதைத் திருப்பி அனுப்பவில்லை. அண்ணன் மட்டும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார், மனசு மாறியிருக்குமா என்று பார்க்க. அவர் பேரைப் போனில் பார்த்ததும் இப்பவும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது.

அதனால் எடுப்பதற்கு முன்னால் வாசலுக்குப் போய், அடியில் பூனை இல்லை என்று தெரிந்த பிறகு, காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிக்கொள்கிறேன். பாய் புது பேட்டரி போட்டுக் கொடுத்ததிலிருந்து அது சாவிக்கே பிடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தத்தில் அவர் சொல்வது பாதி காதில் விழாது. நான் சொல்வது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. சத்தமாகத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது.